பீலிக்கு மூடி போட்ட கதை: உரும்பிராயில் ஒரு வீடு

"தம்பி, பீலிக்கை வேப்பங்கண்டு முளைச்சுக் கிடக்கு. ஒண்டு ரெண்டில்லை, நாத்துமேடை மாதிரி நிரையா நிக்குது."

2023 புரட்டாசியில் ஒரு காலை பெரியம்மா தொலைபேசியில் சொன்ன செய்தி இது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, கட்டடங்களை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்திலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். பெரியம்மாவுக்கு இன்னும் நான் தம்பிதான். அவரது குரலில் கவலையைவிட வியப்புத்தான் கூட இருந்தது. நானும் சிரித்துவிட்டு, பிடுங்கி எறியச் சொல்லிவிட்டு, மறந்துபோனேன். அது என் பிழை. அந்த நாற்றுகள் சொன்ன சேதியை அப்போதே கேட்டிருந்தால் நாலு மாதம் கழித்து வீட்டில் ஒரு பிள்ளை டெங்குக் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டி வந்திராது என்று இப்போதும் நினைப்பதுண்டு. நிரூபிக்க முடியாது. ஆனாலும் நினைப்பதுண்டு.

கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தி ஓடவிடும் வாய்க்காலைத்தான் நாங்கள் பீலி என்போம். முந்திய காலத்தில் பனையைப் பிளந்து உள்ளிருக்கும் சோற்றைக் கோதி எடுத்துச் செய்தார்கள். பிறகு தகரம் வந்தது. இப்போது பெரும்பாலும் பி.வி.சி. மரங்கள் சூழ்ந்த வளவில் பீலிக்கு மூடி போடுவது சின்ன வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த ஒரு வீட்டுக்கு மூன்று பக்கமும் மூன்று விதமாகச் செய்ய வேண்டி வந்தது. ஒரு பக்கத்தில் பீலியையே கழற்றிவிட்டோம்.

வீடும் வளவும்

வளவு நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர். வீடு வடக்குத் தெற்காக 12 மீற்றர் நீளம். முகடு நடுவால் ஓட, ஓட்டுக்கூரை கிழக்கேயும் மேற்கேயும் இறங்குகிறது. ஒவ்வொரு பக்கக் கூரையும் தரையளவில் 60 சதுர மீற்றரை மூடுகிறது. வடக்கு நுனியில் பின்னாளில் ஒட்டிக் கட்டிய குசினி, அதற்கு அஸ்பெஸ்ரஸ் சீற்.

மரங்கள் நின்ற இடம்தான் இந்தக் கதையில் முக்கியம். தென்மேற்கு மூலையில் பெரியப்பா வைத்த வேம்பு. கிழக்கே ஒரு கறுத்தக்கொழும்பான் மா. வடக்கே குசினியோடு சேர்ந்தாற்போலப் பலா. அதற்கப்பால், வேலிக்கு அந்தப் பக்கம் அயல் வீட்டுப் புளி. அடிமரம் அவர்களுடையது, கொப்பும் குப்பையும் எங்களுடையவை.

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை யாழ்ப்பாணத்தில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வேம்பு நிற்பதும் அதே மூலையில். உதிரும் ஒவ்வொரு இலையையும் காற்றே தூக்கி வந்து மேற்குக் கூரையில் வைத்துவிட்டுப் போகும். ஐந்து மாதச் சருகு ஓட்டு இடுக்குகளில் காய்ந்து கிடக்க, ஐப்பசியின் முதல் பெருமழை அத்தனையையும் ஒரே தள்ளில் பீலிக்குள் இறக்கும். எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மழை குறைவான ஊர்தான். ஆனால் பெய்யும்போது பீலிக்கு மூச்சு விட நேரம் கொடுக்காத ஊர்.

ரொறன்ரோவிலிருந்து வந்த ஸ்பொஞ்

பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணா, ரொறன்ரோவில் இருக்கிறார். 2022 இல் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது சூட்கேசில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு சாமான் கொண்டுவந்தார்: பீலிக்குள் செருகும் கறுப்பு ஸ்பொஞ் துண்டுகள். தண்ணீர் அதனூடே வடியும், இலை மேலே தங்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும் என்பது அதன் கொள்கை. தன் வீட்டில் போட்டுச் சில வருடமாகிறது, ஒரு தொல்லையும் இல்லை என்றார். இரண்டு பக்கப் பீலிக்கும் குசினிப் பீலிக்கும் அவரே ஏணி வைத்து ஏறிச் செருகிவிட்டும் போனார்.

அண்ணா சொன்னது பொய்யில்லை. அங்கே மேப்பிள் மரம் இலையுதிர் காலத்தில் சில வாரங்களுக்குள் மொத்தமாகக் கொட்டி முடித்துவிடும். ஒரு தடவை கூட்டித் தள்ளினால் அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது. இங்கே மரங்கள் முறை வைத்துக் கொட்டுகின்றன. தை மாசியில் மாம்பூவும் பூங்காம்பும். மாசியில் வேப்பிலை. பங்குனி சித்திரையில் வேப்பம்பூ, பொரிமா தூவினது போல. ஆனி ஆடியில் வேப்பம்பழம், அதைத் தின்னும் காகமும் வௌவாலும் துப்பும் விதை. பலா இலைக்கு மாதமே கிடையாது. இத்தனையும் அந்த ஸ்பொஞ்சின் மேல் படிந்து, நுண்துளைகளில் ஓட்டுத் தூசியும் சேர்ந்து, ஈரம் காயாத ஒரு மெத்தையாகிவிட்டது. வேப்பம்விதை விழுந்து சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். அதற்கு இதைவிட நல்ல படுக்கை எங்கே கிடைக்கும்?

2023 மார்கழியில் மேற்குப் பீலி வெளிப்பக்கமாக வழியாமல் உள்பக்கமாக, சுவரோடு வழியத் தொடங்கியது. தை பிறந்து பத்து நாளில் பெரியம்மாவோடு இருக்கும் பேரனுக்குக் காய்ச்சல். டெங்கு என்று உறுதியானது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து சுகமாக வந்துவிட்டான். மார்கழி தை என்பது யாழ்ப்பாணத்தில் டெங்கு உச்சத்துக்குப் போகும் காலம், மாரி விட்டுச் சென்ற தண்ணீர் எல்லா இடமும் தேங்கி நிற்கும். காய்ச்சல் வந்த வீட்டைப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் வாயில் பி.எச்.ஐ., வந்தார். பூச்சாடி, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கோப்பை, குளிரூட்டிக்குப் பின்னாலிருக்கும் தட்டு எல்லாம் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், போகும்போது மேலே பார்த்தார்.

"அம்மா, உந்தப் பீலிக்குள்ள என்ன இருக்கு?"

"அதுக்கு மூடி போட்டாச்சுத் தம்பி. கனடாச் சாமான்."

ஏணி வைத்து ஏறி ஒரு முழத்துக்கு ஸ்பொஞ்சை இழுத்து எடுத்தார். அடியில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். ஒரு கரண்டியில் அள்ளி வெள்ளைக் கோப்பையில் ஊற்றிக் காட்டியபோது நுளம்புக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீரில்தான் பெருகும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் பலமானது. நோபிள் சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமி முதலானோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையின் கரையோரங்களில் உவர்நீரில்கூட அது பெருகுவதைக் காட்டியிருந்தது. இலைச்சாறு ஊறிய தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டா? முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையோ தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். நுளம்பு பெருக இடம் கொடுக்கும் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட 2007 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. வந்தவர் நல்ல மனிதர், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் நான் உரும்பிராய்க்கு ஓடினேன்.

கழற்றிப் பார்த்தபோது

ஸ்பொஞ் முழுவதையும் எடுத்துவிட்டு, பீலிக்குள் இருந்ததை ஒரு உரப்பையில் அள்ளி முற்றத்தில் படங்கு விரித்துக் கொட்டினோம். ஓட்டு வேலைக்கு வந்த பெடியன் "ஐயா, இதைப் போய் என்னத்துக்குக் கிண்டுறியள்?" என்று கேட்டான். எதைத் தடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் மூடி வாங்கக் கூடாது என்பதால் கிண்டினேன்.

எதிர்பார்த்தது இலை. கிடைத்ததோ வேறு. வேப்பிலை உலர்ந்து நொறுங்கித் தூளாகிப் போய்விடுகிறது, அதனால் பெரிய கெடுதியில்லை. கெடுதி செய்வது அதன் ஈர்க்கு. இலைகள் உதிர்ந்த பிறகு மிஞ்சும் ஒரு சாண் நீளக் காம்பு. அவை நூற்றுக்கணக்கில் மிதந்து வந்து, கீழிறங்கும் குழாயின் வாயில் குறுக்கும் மறுக்குமாகப் பின்னி ஒரு பாய் போலக் கிடந்தன. அந்தப் பாயின் மேல் வேப்பம்பூ. பூவின் மேல் ஓட்டிலிருந்து கழுவி வந்த செம்மண் நிறச் சேறு. மூன்றும் சேர்ந்து கிடந்ததைக் கத்தியால் வெட்டினால் தொதல் போலத் துண்டாக வந்தது. தவிர, அணில் கூடு கட்டக் கொண்டுவந்த தும்பு, காகத்தின் கம்பித் துண்டு ஒன்று, பெரியம்மா ஐந்து வருடமாகத் தேடிய ஒரு தேநீர்க் கரண்டி. காகம்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். வேலைக்கு வந்த பெண்ணைச் சந்தேகப்பட்டதற்காகப் பெரியம்மா அன்று முழுக்கப் பேசாமல் இருந்தார்.

அடுத்துத் தண்ணீர் மட்டக் குழாயைப் பிடித்துப் பீலியின் சரிவைப் பார்த்தோம். மேற்குப் பீலி நடுவில் 18 மில்லிமீற்றர் தொய்ந்திருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மூன்றரை மீற்றர் நீளத்துக்குத் தேங்கி நின்றது. காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது: பீலியைத் தாங்கும் பிறக்கற்றுகளை ஒரு மீற்றருக்கு ஒன்றாக அடித்திருந்தார்கள். இந்தப் பீலி பன்னிரண்டரை சென்ரிமீற்றர் அகலமுள்ள அரைவட்டம். நிரம்பினால் மீற்றருக்கு 6 லீற்றர் பிடிக்கும், 12 மீற்றருக்கு 70 கிலோவுக்கும் மேல். ஒரு வளர்ந்த ஆளைத் தூக்கிப் பீலியில் படுக்க வைத்த பாரம். வெறும் பீலியில் அது சில நிமிடத்தில் வடிந்துவிடும். ஸ்பொஞ் அதை நாள்கணக்கில் பிடித்து வைத்திருந்தது.

ஆக, ஸ்பொஞ்சைக் குற்றம் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. பீலி முதலே தொய்ந்துதான் இருந்தது. மூடி இல்லாத காலத்தில் தண்ணீர் தேங்குவது கண்ணில் பட்டிருக்கும், யாராவது கையை விட்டுத் துழாவியிருப்பார்கள். மூடி போட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். சரிவு பிழையான பீலிக்கு மூடி போடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுகிற வேலை.

பின்பக்கச் சேதமும் அதே கதைதான். ஸ்பொஞ் பீலியின் விளிம்பு வரை நிரம்பி இருந்ததால் தண்ணீர் தாவாரத்து ஓரப் பலகையில் ஊறி, மூன்று கைமரங்களின் நுனி உக்கிப்போயிருந்தது. ஒன்றில் கறையான் புற்றே எடுத்திருந்தது. அந்த மூன்றுக்கும் நுனி வெட்டி ஒட்டுப் போட்டோம். செலவில் பெரிய பகுதி அதற்குத்தான் போனது, வலைக்கோ தகட்டுக்கோ அல்ல.

மூன்று துண்டு, ஒரு பூவாளி

தென்னை மட்டையடியில் இருக்கும் வடிகட்டி நாரின் பேரால், பன்னாடை என்று ஒருவரை ஏசுவதுண்டு. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வந்த ஏச்சு. பீலிக்கு வேண்டியது அசல் பன்னாடைதான். ஆனால் எந்தக் கசடைப் பிடிக்கும் பன்னாடை என்பதுதான் கேள்வி.

ஹாட்வெயார் கடையில் பீலிக்கு மூடி என்று கேட்டதற்கு எனக்குக் கோழிக்கூட்டு வலையைத்தான் அளந்து வெட்ட வந்தார்கள். வாங்கினேன், ஒரு மீற்றர். கூடவே 5 மில்லிமீற்றர் துளையிட்ட அலுமினியத் தகடு ஒரு மீற்றர். கறை ஏறாத உருக்கில் பின்னிய நுளம்பு வலை ஒரு மீற்றர். மூன்றையும் மேற்குப் பக்கத்திலும் கிழக்குப் பக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்து மாசி முதல் ஆவணி வரை பார்த்தோம். மழைக்குக் காத்திருக்க முடியாது. மணிக்கு 100 மில்லிமீற்றர் என்ற கடும் மழையில் 60 சதுர மீற்றர்க் கூரை நிமிடத்துக்கு 100 லீற்றர் இறக்கும், அதாவது பீலியின் ஒவ்வொரு மீற்றருக்கும் நிமிடத்துக்கு 8 லீற்றர் சொச்சம். பத்து லீற்றர்ப் பூவாளியை ஒன்றேகால் நிமிடத்தில் ஓட்டின் மேல் ஊற்றி முடித்தால் அந்த மழைதான். பேரன் சுகமாகி வந்திருந்தான். மணிக்கூடு பிடித்தது அவன்.

கோழிவலை முதல் மாதத்திலேயே தோற்றது. வேப்பம் ஈர்க்கு அரை அங்குலக் கண்ணுக்குள் நுழைந்து பாதியில் நின்றுகொண்டது. பத்து ஈர்க்கு குத்தி நின்றால் அதில் இலை கொளுவும், பிறகு கையை விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். வலை இல்லாத பீலியை அள்ளுவதே லேசு.

துளைத்தகடு மாவிலைக்கு மிக நன்றாக வேலை செய்தது. மாவிலை தடித்தது, மொழுமொழுவென்றிருக்கும். தகட்டுக்குச் சற்றுச் சரிவு இருந்தால் தானாக வழுக்கி விழுந்தது. வேம்பின் பக்கத்தில் வைத்தபோது பூ துளைக்குள்ளால் இறங்கி அடியில் சேறாகியது. பலா இலையோ நனைந்ததும் தகட்டின் மேல் முத்திரை குத்தினது போல ஒட்டிக்கொண்டது. நாலு இலை போதும், ஒரு மீற்றர் அடைபட்டுவிடும்.

நுளம்பு வலையைப் பற்றி முதல் நாள் எனக்கு அவநம்பிக்கைதான் வந்தது. பூவாளியைச் சரித்ததும் தண்ணீர் கண்ணுக்குள் இறங்காமல் மேலால் ஓடி முற்றத்தில் விழுந்தது. பெரியம்மா "நல்ல மூடி மோனை, தண்ணியையும் விடேல்லை" என்றார். புது வலையில் ஆலை எண்ணெய் இருக்கும், அது போகும் வரை தண்ணீர் முத்து முத்தாய் உருளும். சவர்க்காரத் தண்ணீரில் தும்புப் பிரஷால் தேய்த்துக் கழுவிப் போட்ட பிறகு பத்து லீற்றரில் கொஞ்சம் தவிர மற்றதெல்லாம் உள்ளே இறங்கியது. பங்குனியில் வேப்பம்பூ அதன் மேல் வெள்ளைக் கம்பளமாகப் படிந்தது. ஈர்க்கு எதுவும் நுழையவில்லை. வெயிலில் காய்ந்ததும் பெரும்பகுதியைக் காற்று ஊதித் தள்ளியது. ஆனால் அதே வலையைக் கிழக்கே வைத்தபோது பிழைத்தது. மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி விடும் தேன் போன்ற பிசின் வலையின் கண்களில் படிந்து, அதில் கரும்பூஞ்சணம் பிடித்து, கண்ணெல்லாம் அடைபட்டது. துளைத்தகட்டில் 5 மில்லிமீற்றர்த் துளையை அந்தப் பிசினால் மூட முடியவில்லை.

மேற்கே வலை, கிழக்கே தகடு என்பது இப்படித்தான் முடிவானது. இதற்கெல்லாம் முன்பே அண்ணா வட்ஸ்அப்பில் வேறொரு மாதிரியைக் காட்டியிருந்தார்: மேலே முழுக்க மூடி, முனை வளைந்து, அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே போகும் வகை. தகட்டுக் கூரையில் தண்ணீர் பரவலாக வரும், அங்கே அது சரிவரலாம். எங்கள் ஓட்டுக் கூரையில் ஒவ்வொரு ஓட்டுப் பள்ளத்தாலும் தண்ணீர் தனித்தனித் தாரையாக வேகம் பிடித்து வருகிறது. வளைவைப் பிடிக்க அது நின்று நிதானிக்காது. வேண்டாம் என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

பூட்டிய விதம்

முதலில் பிறக்கற்றுகளை 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெருக்கினோம். மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவு வேண்டும். ஒரே பக்கம் சரித்தால் 12 மீற்றரில் 6 சென்ரிமீற்றர் இறங்கி, வீடே சாய்ந்தது போலத் தெரியும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரித்து, இரு நுனியிலும் கீழிறங்கும் குழாய் வைத்தோம். ஒரு வாய் அடைத்தாலும் மற்றது இருக்கும்.

வலையை ஓட்டுக்கு அடியில் செருகவில்லை. அப்படிச் செய்வது சுகமான வேலை, பலரும் செய்கிறார்கள். ஆனால் கடைசி வரிசை ஓடு சலாகையில் படிந்து உட்கார வேண்டும். கீழே ஒரு தகட்டைக் கொடுத்து நிமிர்த்தினால், வாடைக்காற்று தூவானத்தை அதனூடே உள்ளே அடிக்கும், ஓடும் அசையும். அதற்குப் பதிலாகப் பீலியின் பின் விளிம்பிலேயே ஒரு மடிப்புப் பட்டியைப் பூட்டி, வலையின் பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்படி வைத்தோம். இது எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமாகப் பட்ட விஷயம். எந்த மூடியும் ஒரு நாள் தோற்கும். தோற்கும்போது தண்ணீர் முற்றத்துப் பக்கம் விழ வேண்டும், சுவர்ப் பக்கம் அல்ல. முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒரு விரற்கடையாவது தாழ்ந்திருந்தால் அது தானாக நடக்கும்.

பி.வி.சி. வெயிலில் நீளும். விடிய ஒரு நீளம், மத்தியானம் ஒரு நீளம். 12 மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் வரை வித்தியாசம் வரும். எனவே வலையை ஒரே சுருளாக இழுத்துப் பூட்டாமல், ஒவ்வொரு மீற்றர்த் துண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று இரண்டு விரல் ஏறும்படி வைத்தோம். தேவையானபோது ஒரு துண்டை மட்டும் கழற்றவும் அது வசதி. கறை ஏறாத உருக்கு வலையை அலுமினியச் சட்டத்தில் அடிக்க வேண்டாம் என்றும் தடுத்தேன். குடாநாட்டில் கடல் எங்கும் தொலைவில் இல்லை. உப்பீரத்தில் அந்த இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். விளிம்பை வலையாலேயே இரண்டு மடிப்பு மடித்தால் சட்டம் இல்லாமலே விறைப்பாக நின்றது.

கிழக்கே தகட்டைப் பூட்டுவதற்கு முன் மாவின் ஒரு கொப்பை வெட்ட வேண்டியிருந்தது. கூரைக்கு இரண்டு மீற்றருக்குள் கொப்பு இருந்தால் அணிலுக்குப் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி. பெரியம்மாவோ "கறுத்தக்கொழும்பான்ரை கொப்பிலை கத்தி வைக்க விடமாட்டன்" என்று கதிரையைப் போட்டு மரத்தடியில் இருந்துவிட்டார். ஆடியில் கடைசி மாங்காய் இறங்கிய மறுநாள் வெட்டலாம் என்று உடன்பாடாகி, அப்படியே வெட்டினோம். மற்றக் கொப்புகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

குசினிப் பக்கம்தான் பெடியனுக்கும் எனக்கும் வாக்குவாதம். பலா இலை மேலே ஒட்டும், புளியின் சிற்றிலை எந்தக் கண்ணுக்குள்ளும் இறங்கும். இரண்டையும் தடுக்க ஒரு மூடி இல்லை. நுளம்பு வலையை இன்னும் சரிவாக வைத்துப் பார்ப்போம் என்றான் அவன். பீலியையே கழற்று என்றேன் நான். ஐந்து மீற்றர்ப் பீலி. அந்தக் கூரைத் தண்ணீரை யாரும் சேமிக்கப் போவதில்லை, அஸ்பெஸ்ரஸ் சீற்றில் துளை போடவும் உரசவும் எனக்கு விருப்பமில்லை, அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. கழற்றினோம். தாவாரத் தண்ணீர் விழும் கோட்டில் 45 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கான் வெட்டிச் சல்லி நிரப்பி, சுவரோரம் சீமெந்துத் திண்ணை போட்டுச் சரித்து, வாழைப் பாத்திக்கு வழிவிட்டோம். மூடி வேண்டாம், ஏணி வேண்டாம். மரம் நெருங்கிய வீட்டில் எல்லாப் பக்கத்துக்கும் பீலி வேண்டும் என்று யார் சொன்னது?

மேற்குப் பக்கத் தண்ணீரை மட்டும் 1,000 லீற்றர்த் தாங்கிக்கு விட்டோம். முதல் மழைத் தண்ணீரில் காக எச்சமும் தூசியும் வரும். சதுர மீற்றருக்கு அரை லீற்றர் கணக்கில் 30 லீற்றரை ஒதுக்க, அடி மூடிய ஆறங்குலக் குழாய் 1.6 மீற்றர் நிமிர்த்தி வைத்தோம். அது நிரம்பிய பிறகுதான் தாங்கிக்குப் போகும். குழாயின் அடியில் சொட்டுத் துளை, மேல்வாயில் நுளம்பு வலை. மிச்சத்தைக் கிணற்றுக்குள் விடலாமே என்று அண்ணா கேட்டதற்குப் பெரியம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். சரியான மறுப்பு. எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றுக்குப் போகும் எதுவும் அயல் கிணறுகளுக்கும் போகும். ஒரு ஊறுகுழி வெட்டி மண்ணால் வடிய விட்டோம்.

மாரியில்

2024 நவம்பர் கடைசி வாரம், பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்தபோது யாழ்ப்பாணம் வெள்ளத்தில் கிடந்தது. என்னால் வீட்டிலிருந்து இறங்க முடியவில்லை. தொலைபேசியில்தான் நிலவரம். முதல் நாள் எல்லாம் நல்லாய்ப் போகுது என்றார்கள். இரண்டாம் நாள் காலையில் பேரன் காணொளி அனுப்பினான்: மேற்குப் பீலியின் தென்நுனியில் இரண்டு மீற்றர் நீளத்துக்குத் தண்ணீர் வலையைத் தாண்டிப் பாய்கிறது. வேம்புக்கு நேர் கீழே உள்ள இடம். காற்று முறித்த பச்சை இலை குவிந்து நனைந்து அடைத்திருந்தது. ஆனால் பாய்ந்தது முற்றத்துக்கு. சுவர் நனையவில்லை. அது எனக்குப் போதும்.

கிழக்கே ஒரு பிழை என்னுடையது. தகட்டுத் துண்டுகளில் இரண்டை மேலேற்றும் திசை மாற்றிப் பூட்டியிருந்தோம். அந்த இணைப்பில் இலை கொளுவி ஒரு சிறிய அணை உருவாகியிருந்தது. திருப்பிப் பூட்டியதும் சரியாயிற்று.

2025 தையில் போய் மேற்கே மூன்று துண்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். மூன்று நாலு மில்லிமீற்றர்த் தடிப்பில் மெல்லிய சேறு படிந்திருந்தது. வலையின் கண்ணைவிடச் சிறிய தூசி வரத்தான் செய்யும். குழாய் வாய் திறந்து கிடந்தது. தேங்கிய தண்ணீர் இல்லை, குடம்பி இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில், துண்டுகளைக் கழற்றி ஹோஸ் பிடித்துக் கழுவ வேண்டும் என்று எழுதிக் குசினிக் கலண்டரில் ஒட்டிவிட்டு வந்தேன். மேலே படியும் இலைக்கு அது போதாது, அதை அடிக்கடி தள்ள வேண்டும். இனி ஏணியில் ஏறி அழுகலை அள்ளும் வேலை இல்லை, நிலத்தில் நின்றே கூட்டும் வேலை மட்டும் மிச்சம். மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடியின் நுனியில் ஈர்க்குமாற்றைக் கட்டி அதற்கு ஒரு கருவி செய்தது பெரியம்மாதான். நான் அலுமினியத் தடியில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னேன். பாரம் கூட என்று வேண்டாமென்றுவிட்டார்.

அந்த வருடப் பங்குனியில் வேம்பு வழக்கத்தைவிட அதிகமாகப் பூத்தது. ஒரு நாள் பெரியம்மா கூப்பிட்டு, வலையில் கிடக்கிற பூ வெயிலில் நல்லாய்க் காய்ந்து சருகாய்க் கிடக்குது, கூட்டி எடுத்து வடகத்துக்குப் போடலாமோ என்று கேட்டார். காகம் இருக்கிற இடம், அணில் ஓடுகிற இடம், கூடவே கூடாது என்று சொன்னேன். ஓமோம் என்றார். சித்திரையில் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது வேப்பம்பூ வடகம் பொரித்து வைத்திருந்தார். பூ எங்கே பொறுக்கியது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாலைந்து எடுத்துச் சாப்பிட்டேன்.